எடுத்து வைக்கச் சொல்லும் ரசிகர்

கச்சேரியில் தொடையைத் தட்டும் ரசிகரை உங்களுக்குத் தெரியும். நம் பெங்களூரில் இப்போது சித்திர ரசிகர் என்றொரு புது இனம் பெருகியிருக்கிறது. பெருகாமல் என்ன செய்யும்? பத்து வருஷத்துக்கு முன் இந்த ஊரில் படம் என்றால் காலண்டர்தான். இப்போதோ மாதம் இரண்டு கண்காட்சி, ஒவ்வொன்றுக்கும் திறப்பு விழா, ஒவ்வொரு விழாவிலும் காபி, பிஸ்கட்.

உதாரணத்துக்கு, மல்லேசுவரத்து சர்க்கார் அதிகாரி வெங்கடசுப்ரமணியன். படத்தின் முன் நிற்பார், இரண்டடி பின்வாங்குவார், ஒரு கண்ணை மூடுவார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டுவார், வெளிச்சத்தைப் பிடித்துவிட்டான் என்று பக்கத்திலிருப்பவர் காதில் விழும்படி முனகுவார், கூட்டம் சேர்ந்ததும் சித்திரக்காரரைக் கூப்பிட்டு, "இதை எனக்கு எடுத்து வையும்" என்பார். உடனே படத்தின் மூலையில் ஒரு சிவப்புச் சீட்டு ஒட்டப்படும். விற்றாயிற்று என்று அர்த்தம். அப்புறம் அவருக்கு முன்வரிசை நாற்காலி, இரண்டாவது காபி, பத்திரிகையில் போட்டோ. படத்தை எடுத்துப்போக மட்டும் வரமாட்டார்.

பொய்யரா? இல்லவே இல்லை. சொல்லும்போது வாங்கத்தான் நினைக்கிறார். வீடு போய்ச் சேர்வதற்குள் மறந்துவிடுகிறார்.

போன வருஷம் ஆம்ப்ரோஸ் என்றொரு சித்திரக்காரர் தம் முதல் கண்காட்சியை வைத்தார். ரிச்சர்ட்ஸ் டவுன்காரர், தொழிற்சாலையில் வரைபடம் போடும் உத்தியோகம். ஒரு படமாவது விலைபோனால் தொடர்ந்து வரைவது, போகாவிட்டால் தூரிகைகளைக் கட்டிப் பரணில் போடுவது என்று மனைவி சரளாவிடம் சொல்லியிருந்தார். ஸ்ரீராம்புரத்துக் குழாயடியில் குடங்களோடு நிற்கும் பெண்களின் படத்துக்கு நம் ரசிகர் சீட்டு ஒட்டச் சொன்னார். அன்று ஆம்ப்ரோஸ் சரளாவுக்கு மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள் பாகீரதி என்று ஒருத்தி வந்தாள். நெசவாலையில் வேலை, வீடு ஸ்ரீராம்புரம். அந்தப் படத்தை விட்டு நகரவே இல்லை.

"இது எங்க கொழாங்க. எனக்கு வேணும். மில்லுல போனஸ் குடுத்திருக்காங்க."

ஆம்ப்ரோஸ் சிவப்புச் சீட்டைக் காட்டினார். வாக்கு வாக்குதான் அவருக்கு. வேறு படம் பார்க்கச் சொன்னார்.

"மத்ததுல நாங்க இல்லீங்களே" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

கண்காட்சி முடிந்தும் ரசிகர் வரவில்லை. ஆம்ப்ரோஸ் படத்தை சைக்கிளில் கட்டிக்கொண்டு மல்லேசுவரத்துக்கே போனார். ரசிகர் அன்பாக உட்காரவைத்து, சுவரில் இடமில்லையே என்று வருத்தப்பட்டார். பாகீரதி வந்து போனதைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது.

"பார்த்தீரா? நான் சீட்டு ஒட்டச் சொல்லலேன்னா அது அவ கண்ணுல பட்டிருக்குமா?"

எனக்கு இந்த இடத்தில் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வருகிறது. ஆம்ப்ரோஸ் அங்கிருந்து நேரே ஸ்ரீராம்புரம் போய் விசாரித்தார். போனஸ் அதற்குள் செலவாகியிருந்தது. பாகீரதி படத்தை இன்னொரு தரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். தூரிகைகள் பரணுக்குப் போயின.

இப்போதெல்லாம் திறப்பு விழாக்களில் நம் ரசிகர் பெருமூச்சு விடுகிறார். ஆம்ப்ரோஸ் என்று ஒருத்தர் இருந்தாராம், நல்ல கையாம், ஏனோ விட்டுவிட்டாராம், இந்த ஊர் ஜனங்களுக்கு ரசனை போதாதாம்.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு சந்தேகம். இந்தப் பத்திரிகையைக் கடை வாசலில் நின்றபடியே கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு, "ஒண்ணு எடுத்து வைப்பா, சாயங்காலம் வரேன்" என்று கடைக்காரரிடம் நீட்டுகிறீர்களே, அது யார் கை?