எனக்குச் சளி இல்லை, கதவைத் திற

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும், நான் இன்னும் கண்ணால் பார்க்காத என் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகம் என்று எழுதியதை இன்னொரு தடவை படித்துக்கொள். எனக்குச் சளி இல்லை.

போன் பண்ணாமல் கடிதம் எழுதக் காரணம் இருக்கிறது. நேற்று நான் "என்னம்மா" என்று ஆரம்பித்ததுமே, "குரல் ஏம்ப்பா இப்படி இருக்கு? மூக்கடைப்பா? சரியாகற வரைக்கும் இந்தப் பக்கமே வராதீங்க" என்று வைத்துவிட்டாய். கடிதத்தில் குரல் கேட்காது அல்லவா? பேத்தி பிறந்ததிலிருந்து லீவு கேட்டுக் கேட்டு இப்போதுதான் கிடைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், அவ்வளவுதான்.

எனக்குச் சளி வர வழியே இல்லை. டிரைவிங் ஸ்கூல் வேலை உனக்குத் தெரியும். நாள் முழுக்க மூடிய காருக்குள் யார் யாரோ பக்கத்தில் உட்கார்ந்து தும்முவார்கள், அவர்கள் பிடித்த ஸ்டீயரிங்கைத்தான் நானும் எட்டிப் பிடித்துத் திருப்ப வேண்டும். "கையை சோப்புப் போட்டுக் கழுவுங்க, மூஞ்சியத் தொடாதீங்க, தும்மறவங்ககிட்ட ஒட்டாதீங்க"ன்னு சொன்னது யார்? நீதானே? நான் ஒரு படி மேலே போய் ஸ்டீயரிங்கையே சோப்புப் போட்டுக் கழுவினேன். ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த பேங்க் அம்மாவுக்கு மாஸ்க்கும் மாட்டிவிட்டேன். திருப்பத்தில் அந்த அம்மா விட்ட மூச்சு மூக்குக்கண்ணாடியில் ஆவியாகப் படிந்து ரோடே தெரியவில்லை, ஸ்டீயரிங்கோ கைக்குள் நிற்காமல் வழுக்குகிறது, கற்றுக்கொடுப்பவருக்கென்று என் பக்கம் வைத்திருக்கும் பிரேக்கை மிதிக்கலாம் என்று காலைத் தூக்கினால் அந்த நேரம் பார்த்து எனக்கு ஒரு தும்மல். தூசியால் வந்தது. கார் சலூன் படியேறி நின்றது. யாருக்கும் அடியில்லை. சலூன்காரர் கத்தியோடு வெளியே ஓடிவர, அவர் பின்னாலேயே பாதி முகம் நுரையோடு ஒருத்தர். அந்த அம்மா இறங்கி, "உங்களுக்கு ஜலதோஷம் சார், அதான் இப்படி ஆச்சு" என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்கிறாள். விடுவேனா? "கண்ணாடிய தொடைக்கத் தெரியாதவங்கல்லாம் வைத்தியம் சொல்ல வந்துட்டீங்களா?"ன்னு நறுக்கென்று கேட்டுவிட்டேன்.

முதலாளி டாக்டரிடம் அனுப்பினார். சளி இல்லை என்று எழுதி வாங்கத்தான் போனேன். அந்த மனுஷன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "சாதாரண சளிதான். இதை ஒழிக்க மருந்து கிடையாது. நல்லா தூங்குங்க, வெதுவெதுன்னு தண்ணி குடிங்க, தானா போயிடும்" என்கிறார். "ஒரு ஆன்டிபயாடிக்காவது குடுங்க" என்றேன். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்கிறார். மருந்தே இல்லாத ஒன்று எப்படி வியாதியாகும்? நீயே சொல். அதை அவரிடமும் கேட்டேன், அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்தால் உன் அம்மா கட்சி மாறிவிட்டாள். என் தலையணையைத் தூக்கி ஹாலில் போட்டுவிட்டு, "பச்சக் குழந்தைக்கு மூக்கடைச்சா பால் குடிக்கவே திணறும். உங்களுக்கென்ன, வாயால மூச்சு விட்டுட்டுப் போயிடுவீங்க" என்று ஒரு போடு போட்டாள். நான் ஹாலிலேயே பாயை விரித்துப் படுத்துவிட்டேன். அதற்காக அசந்துவிட்டேன் என்று நினைக்காதே. நீ சொன்னதையெல்லாம் செய்த எனக்கே சளி என்றால் கோளாறு உன் யோசனையில்தான். ஞாயிற்றுக்கிழமை கதவைத் தட்டுவேன், நீ திறந்தாக வேண்டும்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. பேத்திக்கு நீண்ட ஆயுளும் உனக்குக் கொஞ்சம் தூக்கமும் கிடைக்க என் ஆசீர்வாதம்.

சளியில்லாத
உன் அப்பா

பின்குறிப்பு: மேலே இரண்டு இடத்தில் மை கலைந்திருப்பது தும்மல்தான். தூசி இல்லை. இந்தத் தாளைக் குழந்தை இருக்கும் அறைக்குள் கொண்டுபோகாதே, இப்போதே எழுந்து போய்ச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவு. உறையை எச்சில் தொடாமல் பசை போட்டுத்தான் ஒட்டப்போகிறேன். உன் அம்மா சொன்னதிலிருந்து அந்தக் குட்டி மூக்குதான் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை நான் வரவில்லை. அப்படியும் மனசு கேட்காமல் வாசலில் வந்து நின்றால், நான் எவ்வளவு கெஞ்சினாலும் கதவைத் திறக்காதே.