ஜோசுவாவின் பாம்பு சாப்பிடவில்லை

மூன்றாவது எலியையும் பாம்பு திரும்பிப் பார்க்கவில்லை.

வின்சன்ற் இடுக்கியால் எலியின் வாலைப் பிடித்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் இப்படியும் அப்படியும் ஆட்டினார். உயிரோடு ஓடுவதுபோல ஆட்ட வேண்டும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். கடையில் உறைந்த கட்டியாக வாங்கி, சுடுதண்ணீரில் போட்டு இளக்கிய எலி அது. அறுபத்திரண்டு வயதில், முழங்காலில் நின்று, செத்த எலியை ஆடவைத்துக்கொண்டிருந்தார் அவர்.

"சாப்பிடு தம்பி. ஒரு வாய்."

பாம்பு தலையைத் தன் சுருளுக்குள் செருகிக்கொண்டது.

"என்னவாம்?" என்று படிகளின் மேலே நின்று பேர்ணடெற் கேட்டாள். பாம்பு வந்த நாளிலிருந்து அவள் பேஸ்மென்றுக்குள் கால் வைக்கவில்லை. அவ்வளவு பயம்.

"வேண்டாமாம்."

"எத்தினை நாளாச்சு?"

"இருபது."

அவள் குசினிக்குத் திரும்பிப் போய்விட்டாள். பேசியிருந்தால் வின்சன்றுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஜோசுவா அவர்களுக்கு ஒரே மகன். நான்கு வருடங்களுக்கு முன்பு ஒருநாள் இந்தப் பாம்பைத் துவாயில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தான். அப்போது அது பென்சில் பருமன். "ஒண்டும் செய்யாதப்பா, பிடிச்சுப் பாருங்கோ" என்று நீட்டினான். வின்சன்ற் பாய்ந்து கதிரையில் ஏறி நின்றுகொண்டு, "இந்த வீட்டில ஒண்டில் உது இருக்கோணும், இல்லாட்டி நான் இருக்கோணும்" என்றார். கதிரையில் நின்று சொன்ன தீர்ப்பைக் கேட்டு மகன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

"அப்ப நீயும் போ."

போய்விட்டான். பிறம்ரன் நகரத்தில் ஒரு வெயர்ஹவுசில் வேலை, பக்கத்திலேயே ஒரு வாடகை அறை. ஞாயிறு தோறும் தாயோடு ஃபோனில் கதைப்பான். வின்சன்ற் சரியாக அந்த நேரம் பார்த்துக் குப்பை வாளியை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போவார். குப்பை எடுப்பதோ வியாழக்கிழமை.

நவம்பரில் முதல் பனி விழுந்த காலை, வேலைக்குப் போகிற வழியில் ஜோசுவாவின் கார் சறுக்கி ஒரு லொறிக்கு அடியில் போனது.

அடக்கம் எல்லாம் முடிந்தபின் அவனுடைய அறையைக் காலிபண்ணப் போனார்கள். இரண்டு உடுப்புப் பெட்டிகளும் இந்தக் கண்ணாடிப் பெட்டியும் இருந்தன. வளர்ந்து நாலடி நீளமாகிவிட்ட பாம்பைப் பேர்ணடெற் தூரத்தில் நின்று பார்த்தாள்.

"அவனைத்தான் விட்டிட்டியள். உந்தப் பாம்பையாவது காப்பாத்துங்கோ" என்றாள். அவ்வளவுதான்.

எலிகளைப் பிறீசரில்தான் வைக்க வேண்டும். பேர்ணடெற் கண்டால் மயங்கிவிடுவாள் என்று வின்சன்ற் ஒரு வழி செய்தார். பொதியைக் கறுத்தப் பையில் சுற்றி, 'கணவாய்' என்று பெரிதாக எழுதி, மீன்களுக்கு அடியில் ஒளித்தார்.

முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு சனங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். சமையலுக்கு உதவ வந்திருந்த பேர்ணடெற்றின் தமையன் செல்வரட்ணம், பொதியை எடுத்து இளகவைத்து, சட்டிக்குள் கொட்டினார். பிறகு குசினிக்குள்ளிருந்து அவருடைய குரல் கேட்டது.

"மச்சான், இந்தக் கணவாய்க்கு வால் கிடக்கு."

இரண்டு பேர் சாப்பிடாமலே கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். மிச்சமிருந்தவர்கள் பாம்புக்கு வைத்தியம் சொன்னார்கள்.

"குளிர்ச் சாப்பாட்டை ஆர் தின்னுவினம்? சூடாக்கிக் குடும்" என்றார் செல்வரட்ணம்.

அடுத்த நாள் வின்சன்ற், மனைவியின் ஹெயார் டிரையரால் எலியைச் சூடாக்கினார். இளஞ்சூடு போதும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். ஆனால் அவருக்கு அவசரம். உச்சச் சூட்டில் வைத்தார். எலியின் வயிறு வெடித்தது. நாற்றம் மேல்மாடிவரை ஏறியது. எல்லா ஜன்னல்களையும் திறந்தார்கள். வெளியே மைனஸ் பதினெட்டு. நாற்றம் போக ஒரு மணித்தியாலம் பிடித்தது. அதற்குள் பேஸ்மென்றும் குளிர்ந்து, பாம்பும் விறைத்து இறுகிப்போனது.

"ஒண்டு செய்யப் போய் ஒன்பது செய்யிறியள்" என்றாள் பேர்ணடெற். அன்று அவள் பேசிய முதல் வசனம் அது.

அவர் பெட்டிமேல் இன்னொரு சூட்டு லைற்றைப் பூட்டினார். பாம்பு சூடேறி நெளிந்தது, வாய் மட்டும் திறக்கவில்லை. எலி விற்ற கடைக்காரனிடம் போய் நின்றார். "அப்ப உயிரோட ஒண்டு குடுத்துப் பாருங்கோ" என்று அவன் துளையிட்ட பெட்டி ஒன்றைக் கையில் கொடுத்தான்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பெட்டிக்குள் எலி பிறாண்டியது. வின்சன்றுக்குப் பாவமாக இருந்தது. சாகப்போகிற சீவன்தானே என்று ஒரு பிஸ்கற் துண்டைத் துளைக்குள்ளால் தள்ளிவிட்டார்.

பிஸ்கற்றைத் தின்று தெம்பான எலி, கண்ணாடிப் பெட்டிக்குள் இறங்கியதும் பாம்பின் முதுகில் ஏறிக் கடித்துவிட்டது. ஒரு தரமல்ல, மூன்று தரம்.

"விடு! டேய், விடு அவனை!"

வின்சன்ற் போட்ட சத்தத்தில் பேர்ணடெற் படிகளில் ஓடிவந்தாள். இறங்கிவிட்டோம் என்பதே அவளுக்கு நினைவில் இல்லை. அவர் எலியைப் பிடித்து வாளிக்குள் போட்டார். பாம்பின் முதுகிலிருந்து இரத்தம் கசிந்தது. பேர்ணடெற் மகனுடைய உடுப்புப் பெட்டியைத் திறந்து, கையில் அகப்பட்ட ஸ்வெற்றரை எடுத்து வந்து, அவ்வளவு நாளும் பயந்த அந்தப் பாம்பைத் தன் கையாலேயே அதற்குள் சுற்றினாள். அது நெளிந்தபோதும் அவள் விடவில்லை.

"எங்கயாவது கொண்டு போங்கோ" என்று அழுதாள். "உதுவும் போச்செண்டா எனக்கு இஞ்ச ஒண்டுமில்லை."

கண்ணாடிப் பெட்டியின் பின்புறம் ஒட்டியிருந்த சீட்டில் ஒரு கிளினிக்கின் விலாசம் இருந்தது. வின்சன்ற் ஸ்வெற்றர் பொட்டலத்தை மடியில் வைத்தபடி காரை ஓட்டிப் போனார்.

டொக்டர் பார்த்துவிட்டு, காயம் ஆழமில்லை என்று மருந்து பூசி அனுப்பினார். முன்மேசையில் இருந்த பெண்ணின் சட்டையில் நிலாணி என்று பெயர் குத்தியிருந்தது.

"இது ஜோசுவான்ர ஸ்னேக்தானே அங்கிள்? அவர் வரேல்லையா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வின்சன்ற் இன்னும் பழகவில்லை.

"நான்தான் வந்தனான். தகப்பன்" என்றார். "பிள்ளை, இது முப்பது நாளாப் பட்டினி. தெரிஞ்சதெல்லாம் செய்து பாத்திட்டன். செத்துப்போகுமோ?"

"வெயிற் அங்கிள், ஃபைலைப் பாக்கிறன்." அவள் திரையில் தேடினாள். "ஓ, டோன்ற் வொறி. போன வருசமும் இப்பிடித்தான். ஜோசுவா சொன்னதை அப்பிடியே டைப் பண்ணி வச்சிருக்கு, கேளுங்கோ." அவள் வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னாள். "அப்பா ஒவ்வொரு வின்ரரும் இப்பிடித்தான். கோவிச்சுக்கொண்டு மூலையில போய் இருப்பார். முகம் குடுக்கமாட்டார், சாப்பிடமாட்டார். கிட்டப் போனா இன்னும் இறுகிப்போவார். அதால நான் கரைச்சல் குடுக்கிறேல்லை. அவர் தானா வருவார். வருமட்டும் நான் பாத்துக்கொண்டு இருப்பன்."

வின்சன்ற் பின்னால் தடவிக் கதிரையைப் பிடித்து உட்கார்ந்தார். பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"இஞ்ச வந்து என்னைப் பற்றி இப்பிடியோ சொன்னவன்?"

நிலாணி நிமிர்ந்தாள்.

"நான் வரத்தான் இருந்தனான் பிள்ளை" என்றார் அவர். "இந்த நத்தாருக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வருவம் எண்டு இருந்தனான். தாய்க்கும் சொல்லேல்லை. அவனுக்கு ஒரு சேட்டும் வாங்கி வச்சிட்டன். சும்மா போய்க் கதவைத் தட்ட வெக்கமாக் கிடந்தது. கிறிஸ்மஸ் எண்டா ஒரு சாட்டுத்தானே எண்டு பாத்தன். அதுக்கு ஒரு மாதம்தான் கிடந்தது. அவன் சொன்னது சரி. நான் வந்திருப்பன்."

அந்தப் பெண் அவரையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. யாரோ ஒரு பெரியவரை அழவைத்துவிட்டோம் என்ற பதற்றத்தில் மேசையைச் சுற்றி ஓடிவந்தாள்.

"ஐயோ அங்கிள், சொறி. உங்களைப் பற்றி இல்லை. அப்பா எண்டது இந்தப் பாம்பின்ர பேர்."