சினை ஊசியும் சிவப்பு ரிப்பனும்

தலைவர்களில் 'திறப்புவிழாப் பிரியர்' என்று ஓர் இனம் உண்டு. எந்த மண்ணிலும் விளையும். உரம் வேண்டாம், கைதட்டல் போதும்.

ஆவடிக்கு அந்தண்டை, பருத்திப்பட்டு ஏரியோரம் இருந்த ஒரு பால் சங்கத்தின் தலைவர் கலியமூர்த்தி இந்த இனத்தில் அசல். எண்பத்தேழில், மாடுகளுக்குச் சினை ஊசி போடச் சங்கத்தில் ஓர் அறை கட்டினார்கள். ஊசி போடும் இக்னேஷியஸ் வந்தாயிற்று, மருந்தும் வந்தாயிற்று, வாசலில் சிவப்பு ரிப்பனும் வெயிலில் வெளுத்துக்கொண்டிருந்தது. திறந்துவைக்க வேண்டிய பெரிய அதிகாரிக்குத்தான் நாள் ஒழியவில்லை.

ஒருவழியாக விழா நாள். விடிந்ததும் பஞ்சவர்ணம் மாட்டோடு வந்து நின்றாள்.

"நைனா, மாடு பருவத்துக்கு வந்து ராவெல்லாம் கத்திகினு கீது. இன்னிக்கே ஊசி போட்டாத்தான் உண்டு. ஒரு ஜெர்சிக் கன்னு பொறந்தா என் ஊட்ல ரெண்டு வேள அடுப்பு எரியும்."

கலியமூர்த்திக்கு மனசு இளகத்தான் செய்தது. ஆனால் ரிப்பன்? அதைத் தாண்டி மாடு உள்ளே போய்விட்டால் அதிகாரி எதைத்தான் திறப்பார்? தவிர, விழாவில் முதல் ஊசிக்கு ஒரு மாடு வேண்டாமா? மாலை போட்டுப் பந்தல்காலில் கட்டச் சொன்னார்.

"முறைன்னு ஒண்ணு கீதில்லம்மா. அதிகாரி வந்துகினே கீறாரு."

"அது மாட்டுக்குத் தெரியுமா நைனா?"

உச்சி வெயில் வந்தது, அதிகாரி வரவில்லை. கலியமூர்த்தி வரவேற்புரையை இழுத்தார்: கிராமத்தின் முதுகெலும்பு விவசாயி, விவசாயியின் முதுகெலும்பு மாடு, மாட்டின் முதுகெலும்பு சங்கம், சங்கத்தின் முதுகெலும்பு யார் என்று தன் வாயால் சொல்லக் கூடாது. கண்ணை மூடிப் பேசுவது அவர் வழக்கம். கூட்டம் ஆர்ப்பரித்தது. தன் பேச்சுக்குத்தான் என்று பூரித்துக் கண் திறந்தார்.

ஏரிக்கரைக் கோயில் காளை, அழைப்பிதழ் இல்லாமலே வந்து, ரிப்பனைக் கொம்பால் அறுத்து, பந்தல்காலைச் சாய்த்து, ஆக வேண்டிய காரியத்தையும் முடித்துவிட்டு ஏரிப்பக்கம் நடந்துகொண்டிருந்தது.

மாடு சினையாகி, கன்றும் ஈன்றது. கலியமூர்த்தி விடுவாரா? சங்கத்தின் முதல் பயனாளி என்று பொதுக்குழுவில் பஞ்சவர்ணத்தை மேடையேற்றினார்.

"எல்லாம் சங்கத்தாலதாங்க," என்றாள் அவள். "இங்க கட்டிப்போட்டதாலதானே அந்தக் காளை கண்ல பட்டுச்சு. ஜெர்சி கேட்டு வந்தேன், நாட்டுக் கன்னு குடுத்தீங்க."

முதலில் கைதட்டியவர் கலியமூர்த்தி.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நல்ல நாள் பார்த்துப் பொட்டு வைத்துத்தான் ஓட்ட வேண்டுமென்று போன மாதம் வாங்கிய கிரைண்டரை நீங்கள் இன்னும் அட்டைப் பெட்டியிலேயே வைத்திருக்கிறீர்களே, அதோ அடுப்படியில் ஆட்டுக்கல் சத்தம் கேட்கிறது. மாவாட்டுவது யார்?