சுவருக்கு டீ கொடுத்த விவரம்

அன்புள்ள மைத்துனனுக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. நானும் உன் அக்காவும் சௌக்கியம். வீட்டுக்குத்தான் உடம்பு சரியில்லை. அங்கே எல்லோரும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்பி, உங்கள் மாடி அறையைக் கேட்டு எழுதுகிறேன்.

சாலையை அகலப்படுத்தப் போகிறார்களாம். நம் வீடு குறுக்கே நிற்கிறது. பாரம்பரியக் கட்டடம் என்று அதிகாரி சொன்னால் தப்பும், இல்லையென்றால் இடித்துவிடுவார்கள். நூறு வயது தாண்டிய வீடாயிற்றே, யோசிக்காமல் சொல்லிவிடுவார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அதில் இத்தனை வருஷமாக நான் குடியிருக்கிறேனே! கை சும்மா இருந்ததா? தேக்குத் தூண்களுக்குப் பிளைவுட் சட்டை மாட்டினேன். மரப்படிக்கட்டின் கைப்பிடியைக் கழற்றி எறிந்துவிட்டு எவர்சில்வர் குழாய் வைத்தேன். கண்ணாடிக் கூரையை மறைத்து ஃபால்ஸ் சீலிங் போட்டேன், அன்றிலிருந்து பட்டப்பகலிலும் விளக்கு எரிகிறது. போதாக்குறைக்குக் குளியலறையில் என் கையாலேயே ரோஸ் நிற டைல்ஸ் ஒட்டி, ஒரு வரிசை அன்னங்களைத் தலைகீழாக நீந்தவிட்டேன். "என்னிக்கு இதை உடைக்கிறீங்களோ அன்னிக்குத்தான் எனக்கு நிம்மதி" என்று உன் அக்கா தினமும் பல் தேய்த்துக்கொண்டே சொல்வாள்.

அதிகாரி வருகிறார் என்றதும் என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்தால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். கூடத்தில் புதிதாகப் பூசிய சுவர் பழசாகத் தெரியட்டுமே என்று ஒரு அண்டா டீ போட்டு, துணியில் நனைத்துத் தடவினேன். பழக்கதோஷம், சர்க்கரையையும் அள்ளிப் போட்டிருக்கிறேன். விடிந்து பார்த்தால் சுவர் முழுக்க எறும்பு, அது பாட்டுக்கு ஊர்வலம் போகிறது. அதைத் துடைத்து முடிப்பதற்குள் அதிகாரியம்மா டேப்பும் டார்ச்சுமாக வந்து நின்று, மூக்கை உறிஞ்சினார்.

"என்ன சார், சுவர்ல டீ வாசனை வருது?"

நான் வாயைத் திறப்பதற்குள் உன் அக்கா, "சுவருக்குக் குடுத்துட்டாரும்மா. எனக்குத்தான் காலையிலேருந்து இல்ல" என்றாள்.

மானம் கப்பலேறிவிட்டது. அந்தம்மா தூணைத் தட்டிப் பார்த்து, "உள்ள என்ன இருக்கு?" என்றார். "தூண்தாம்மா. நான் கடைசியா பார்த்தப்போ இருந்துச்சு" என்றேன். ஒரு பலகையைப் பெயர்த்து டார்ச் அடித்தார். குளியலறைக்குள் போனவர் வெளியே வரவே இல்லை. எட்டிப் பார்த்தால் அன்னங்களைப் படம் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

"இதை ஒட்டினது யாரு?"

"யாரோ ஒரு மேஸ்திரிம்மா" என்று கூசாமல் புளுகினேன்.

"இவர்தான்" என்றாள் உன் அக்கா.

அந்தம்மா தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார். அவ்வளவுதான், வீடு போனது. இந்த வயசில் உன் அக்காவைத் தெருவில் நிறுத்திவிட்டேனே என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் திட்டக்கூட இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது. ஆகவே மாடி அறையை ஒழித்து, இரண்டு கட்டில் போட்டு வை. சத்தியமாக உன் வீட்டில் ஒரு ஆணிகூட அடிக்க மாட்டேன்.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். உன் மனைவிக்கு என் அன்பும், முன்கூட்டியே ஒரு மன்னிப்பும்.

இப்படிக்கு,
கை துறுதுறுத்துக் கெட்ட
உன் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது அந்தம்மா போன் செய்தார். வீடு தப்பித்தது! கறையான் பிளைவுட்டைத் தின்றே வயிறு நிரம்பி, தூண்களை விட்டுவைத்திருக்கிறதாம். சந்தோஷம் தாங்காமல், உன் அக்காவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டேன். "அந்தக் குளியலறையையும் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்துட்டோம் சார். அந்தக் காலத்து ஆளுங்க வீட்டை என்ன பாடு படுத்தினாங்கன்னு வர்றவங்க பார்க்கணும். இனிமே ஒரு டைல்ஸைக்கூட யாரும் உடைக்கக் கூடாது" என்றார். உன் அக்கா பெட்டியோடு இப்போதுதான் வண்டி ஏறினாள். ஒரு கட்டில் போதும்.