கேடயம் தொங்கிய வீடு

கதவில் கேடயத்தைப் பார்த்ததும் பர்சவ்மாவின் கையிலிருந்த தண்ணீர்க்குடம் நழுவி உடைந்தது.

எருசலேமைப் பிடிக்கச் சிலுவைப்போருக்குக் கிளம்பிவந்த பிராங்குகள் முந்தின நாள்தான் தல்ஹஸ்னா ஊரைப் பிடித்திருந்தார்கள். பிடித்த ஊரில் எந்த வாசலில் எவன் முதலில் கேடயம் மாட்டுகிறானோ, வீடு அவனுக்கு. அதுதான் அவர்கள் சட்டம். உள்ளே குடியிருப்பவனைக் கேட்க வேண்டும் என்று அதில் ஒரு வரியும் கிடையாது.

மாட்டியவன் எர்னோ என்ற நார்மன் வீரன். அடுத்த தெருவில் இன்னொரு வீடு தேறுமா என்று பார்க்கப் போயிருந்தான்.

"விட்டுத்தள்ளுங்க. சோப்புக் கொட்டகையில இருந்துக்கலாம்," என்றாள் மனைவி ஷமூனி.

"எங்க தாத்தா கட்டின வீடுன்னு சொல்லி நிக்கப்போறேன். நீ வாயத் திறக்காம இரு."

பர்சவ்மா சோப்புக் காய்ச்சுகிறவன். எதோடு எதைக் கலந்தால் பொங்கும் என்று தெரிந்தவன். ஊர் யாருக்கு என்று பிராங்குகளுக்குள்ளேயே நார்மன் பிரபுவும், பிரான்சின் தெற்கிலிருந்து வந்த தெற்கத்திப் பிரபுவும் முறைத்துக்கொண்டிருந்தார்கள். பர்சவ்மா ஓடிப்போய்த் தெற்கத்திப் படையிலிருந்து கோசெரான் என்பவனைக் கூட்டிவந்தான். கேடயத்துக்கு மேலே கோசெரான் தன் கொடியைக் கட்டினான். இரண்டு பேரும் அடித்துக்கொண்டு ஒழிவார்கள் என்பது பர்சவ்மாவின் கணக்கு.

ஒழியவில்லை. இரண்டு பேரும் உள்ளே வந்தார்கள், ஆட்களோடு. கூடத்தின் நடுவே கரிக்கோடு விழுந்தது. அடுப்பு நார்மன் பக்கம், கிணறு தெற்கத்திப் பக்கம். கஞ்சி காய்ச்ச ஷமூனி இரண்டு படைகளிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

பர்சவ்மாவால் உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. படையோடு வந்த பாதிரியாரைத் தேடிப்போய், கூடத்துக்கு அடியில் ஒரு புனிதரின் எலும்பு இருப்பதாகக் கனவு கண்டேன் என்றான். புனித இடம் என்றால் படைவீரர்கள் வெளியேறிவிடுவார்கள் அல்லவா?

பாதிரியார் மண்வெட்டியோடு வந்தார். கரிக்கோட்டின் மேலேயே தோண்டினார். எலும்பு கிடைத்தே விட்டது. பார்வைக்கு ஆட்டுக்கால் எலும்பு மாதிரிதான் இருந்தது. அதைச் சொல்லும் துணிச்சல் யாருக்கும் இல்லை.

இப்போது நார்மன் பிரபுவே நேரில் வந்துவிட்டார். விஷயம் தெரிந்து தெற்கத்திப் பிரபுவும் வந்துவிட்டார். இந்த வீட்டை விட்டவன் சொர்க்கத்தையே விட்டவன் என்று ஆளுக்கொரு அறையில் கட்டில் போட்டார்கள். எருசலேமுக்குப் போக வேண்டிய படை மொத்தமும் அப்படியே நின்றுபோனது. எலும்பைக் கும்பிட வந்தவர்களின் வரிசை ஊர்க்கோட்டைவரை நீண்டது. ஷமூனி வரிசையில் நின்று தன் அடுப்படிக்குப் போனாள்.

கடைசியில் பர்சவ்மா ஊருக்கு வெளியே கூடாரம் போட்டிருந்த காலாட்களிடம் போனான். செருப்பில்லாத, சோறில்லாத கூட்டம். உங்கள் பிரபுக்கள் எருசலேமை மறந்து ஒரே ஒரு வீட்டுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், வந்து இழுத்துக்கொண்டு போங்கள் என்று முறையிட்டான்.

தலையில் கட்டுப்போட்ட ஒருவன் நிதானமாகக் கேட்டான். "அந்த வீடு இருக்கிறதாலதானே சண்டை?"

"ஆமாங்க."

அவர்கள் கடப்பாரையோடு வந்தார்கள். பிரபுக்கள் கத்தக் கத்தக் கூரை இறங்கியது. சுவர் இறங்கியது. பொழுது சாய்வதற்குள் சண்டை போட ஒன்றும் மிச்சமில்லை. பாதிரியார் எலும்பைத் துணியில் சுற்றிக்கொண்டார். எர்னோ கேடயத்தைத் தட்டித் தோளில் போட்டுக்கொண்டான். மறுநாள் காலையில் படை தெற்கே நடந்தது.

பர்சவ்மா கல்குவியல் மேல் உட்கார்ந்து அழுதான். எதிரி என்று ஊரில் ஒருவரும் இல்லை, வீடும் இல்லை.

அலெப்போ பாதையில் ஒரு கழுதை வந்து நின்றது. ஊர் முற்றுகைக்கு முன்பே தப்பி ஓடிய துணி வியாபாரி புர்ஹான் அதிலிருந்து இறங்கினார். கல்குவியலைப் பார்த்தார், பர்சவ்மாவைப் பார்த்தார், மறுபடி கல்குவியலைப் பார்த்தார்.

"ஏம்பா பர்சவ்மா, பூனைக்குப் பால் வைக்கத்தானே சாவியைக் குடுத்துட்டுப் போனேன்?"