கடைசிப் பக்கம் என்னிடம்

அன்னக்கிளி கட்டிலுக்கு அடியில் விளக்குமாற்றை நீட்டினாள். அது பாதி தூரம் போய் முட்டிக்கொண்டு நின்றது.

"ஏங்க, இதுக்கு ஒரு வழி பண்ணுதியளா, இல்ல பழைய பேப்பர்க்காரன்ட்ட நானே போட்டுரட்டுமா?"

'இது' என்று அவள் சொன்னது, அவள் கணவன் நம்பிராஜன் போட்ட மூன்று காமிக்ஸ் புத்தகங்களின் விற்காத கட்டுகளை. அவனே கதை எழுதி, அவனே படம் வரைந்து, ஸ்ரீபெரும்புதூரில் ஓர் அச்சகத்தில் அவனே நின்று அடித்து வாங்கி, அவனே பைக்கில் கட்டி மண்ணூருக்குக் கொண்டுவந்தவை. படிக்கிற வேலையை மட்டும் மற்றவர்களுக்கு என்று விட்டுவைத்திருந்தான். அந்த ஒரு வேலைதான் சரியாக நடக்கவில்லை.

அடியோடு நடக்கவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஒரகடத்தில் ஒரு கார் தொழிற்சாலையில் அவன் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். கம்பெனி பஸ்ஸில் ஒரு பிரதியைக் கொடுத்தால் அது சீட் சீட்டாகக் கைமாறும். இறங்கும்போது யாராவது "நல்லாருக்கு ப்ரோ" என்பார்கள். ஒருவர் அதை வெயிலுக்குத் தலைமேல் பிடித்துக்கொண்டு கேட் வரைக்கும் போனார். ஒவ்வொரு புத்தகத்திலும் 'உங்கள் கருத்துகளை எழுதுங்கள்' என்று வீட்டு முகவரி கொடுத்திருந்தான். மூன்று புத்தகத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு கடிதம் வந்தது. அதுவும் கேஸ் ஏஜென்சியிலிருந்து வந்தது.

இப்போது நான்காவது புத்தகமான 'கடைசி போல்ட்' உள்ளே வர இடமில்லாமல் வாசலில் கட்டுக்கட்டாகக் காத்திருந்தது.

"நூறு பேரு எரநூறு பேருல்லாம் வேண்டாம்," என்றாள் அன்னக்கிளி. "பத்தே பத்துப் பேரு. உங்க முன்னால வந்து நின்னு, 'பெறகு என்ன ஆச்சு?'ன்னு ஆசையா கேக்கட்டும். கட்டிலையே தூக்கி வெளிய போட்டுட்டு நான் இடம் விடுதேன். கேக்கலன்னா, இந்தப் பேனா, மை, மண்ணாங்கட்டி எல்லாத்தையும் பரண்ல ஏத்திரணும். சம்மதமா?"

வீராப்பாகச் சம்மதம் என்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் பரணை நிமிர்ந்து பார்த்தான். வரைவதை விட்டுவிட்டால் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து என்ன செய்வது என்றே அவனுக்குத் தெரியாது.

பத்துப் பேரை எப்படி வரவைப்பது? யோசித்துக்கொண்டே பல் துலக்கும்போது பிச்சையா அண்ணாச்சி நினைவுக்கு வந்தார்.

சங்கரன்கோவிலில், நம்பிராஜன் ஆறாம் வகுப்புப் படித்த காலத்தில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் காமிக்ஸ் வாடகைக்கு விட்டவர் பிச்சையா அண்ணாச்சி. கடை என்று சொன்னால் கடை. ஒரு மேசை, ஒரு கொடிக்கயிறு, கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கும் புத்தகங்கள். சாக்குத் தைக்கிற நூலால் தைத்து, காலண்டர் அட்டை போட்டிருப்பார். எந்தப் புத்தகத்திலும் கடைசிப் பக்கம் இருக்காது. புத்தகத்தைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தால்தான் அது கிடைக்கும். அதுவும் கண்ணுக்குக் கிடையாது, காதுக்குத்தான். "ஆளாளுக்குத் தொட்டா அழிஞ்சு போவும்லே," என்பார். நாடா கட்டிய பழுப்பு ஃபைலைப் பிரிப்பார். கண்ணாடிக்கு மேலாகப் பையனை ஒரு பார்வை பார்ப்பார். பிறகு ஃபைலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, துப்பாக்கிச் சத்தமும் குதிரைக் கனைப்புமாக வாசிப்பார். அடடா, என்ன வாசிப்பு! புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, டவுசரைப் பிடித்துக்கொண்டு, அந்த ஃபைல் பிரிவதற்காகக் காத்து நின்ற நிமிடம் இருக்கிறதே, அதைப் போல இன்னொரு நிமிடம் நம்பிராஜனுக்கு இந்த நாற்பத்திரண்டு வயது வரை வாய்க்கவில்லை. இதை அன்னக்கிளியிடம் சொல்ல முடியாது. கல்யாண ஆல்பத்தைக் கொண்டுவந்து முன்னால் வைத்துவிடுவாள்.

அந்தக் கடைசிப் பக்கத்தால் ஒரு நட்பே போயிருக்கிறது. ரயில் பாலத்தில் கட்டிப்போட்ட குதிரைவீரன் தப்பித்துவிட்டான் என்று அண்ணாச்சி வாசித்ததை நம்பிராஜன் தன் காதாலேயே கேட்டான். பக்கத்து பெஞ்சு மாரிமுத்துவோ, குதிரைவீரன் செத்துப்போனான் என்று சாதித்தான்.

"அண்ணாச்சி எனக்கு வாசிச்சாருலே!"

"எனக்குந்தாம்லே வாசிச்சாரு!"

பொய் சொல்கிறவனோடு சகவாசம் கூடாது என்று நம்பிராஜன் அன்றைக்கு விட்ட 'கா', முப்பது வருஷமாக இன்னும் அப்படியே இருக்கிறது.

சரி, அண்ணாச்சி வழிதான் நம் வழி என்று நம்பிராஜன் முடிவு செய்தான். புத்தகத்தை விற்க வேண்டாம், இரவல் கொடுப்போம். கடைசிப் பக்கத்தை மட்டும் நாம் வைத்துக்கொள்வோம். வாசகன் தானாக நம்மைத் தேடி வருவான்.

நடுவில் பின் அடித்த புத்தகத்தில் கடைசித் தாளை இழுத்தால் முதல் தாளும் கூடவே கழன்று வரும் என்பது சில பிரதிகள் வீணான பிறகு தெரிந்தது. பிளேடால் ஓரம் விட்டு அறுத்தான். அட்டையின் உள்பக்கம் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் குத்தினான்: 'படித்துவிட்டுத் திருப்பித் தரவும். கடைசிப் பக்கம் என்னிடம். நம்பிராஜன், குவாலிட்டி.'

கதை இதுதான். ஒரு தொழிற்சாலையில் ஒவ்வொரு நாளும் கடைசியாக வெளியே வரும் காரில் ஒரு போல்ட் குறைகிறது. அதைக் கழற்றுவது யார்? மீசைக்கார சூப்பர்வைசரா, கேண்டீன் அக்காவா, கேட் செக்யூரிட்டியா? துப்பறிகிறவர் இன்ஸ்பெக்டர் கேஜ். அவர் "கழற்றியது யார் என்றால்..." என்று விரலை நீட்டும் இடத்தில் நம்பிராஜனின் பிளேடு விழுந்திருந்தது.

முதலில் வந்தது சுகப்பிரியா. அசெம்பிளி லைனில் வேலை பார்க்கும் தெற்கத்திப் பெண், இருங்காட்டுக்கோட்டை ஹாஸ்டலில் இருப்பவள். நம்பிராஜன் பையிலிருந்து நாடா கட்டிய பழுப்பு ஃபைலை எடுத்தான். தேடித் தேடி வாங்கியது. அதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னம்மா சிரிப்பு?"

"ஒண்ணுமில்லண்ணே. இந்த ஃபைலப் பாத்ததும் ஊரு ஞாபகம் வந்துட்டு."

பக்கத்தைப் படித்தாள். திருடன் சூப்பர்வைசர். "ஐயையோ, இவரா!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த 'ஐயையோ'வை நம்பிராஜன் வீட்டுக்குக் கொண்டுபோய் அன்னக்கிளியிடம் மூன்று முறை நடித்துக் காட்டினான்.

இரண்டு நாளில் ஆறு பேர் வந்தார்கள். மூன்றாம் நாள் காலை பஸ்ஸில் காலை வைத்ததும் டிரைவரே சொன்னார்.

"சூப்பர்வைசர்தானாமே சார் போல்ட் திருடன்!"

ஆறு பேரில் யாரோ சொல்லிவிட்டார்கள். முடிவு தெரிந்த பிறகு யார் வருவார்கள்? ஏழாவது ஆள் வரவே இல்லை.

பிச்சையா அண்ணாச்சியின் கதை எப்படி ஒரு நாளும் வெளியே கசியவில்லை என்று நம்பிராஜனுக்குப் புரியவில்லை. அன்று மாலை உட்கார்ந்து புதிதாக ஒரு கடைசிப் பக்கம் வரைந்தான். திருடியது கேண்டீன் அக்கா. மறுநாள் "சூப்பர்வைசர்னு எவன் சொன்னது? வந்து பாருங்க," என்றான். சரிபார்க்கவே ஒரு கூட்டம் வந்தது.

மதியம் கேண்டீனில் தட்டை நீட்டினான். பரிமாறும் மெர்சி கரண்டியை உயர்த்திப் பிடித்தபடி அவனையே பார்த்தாள்.

"நான் போல்ட்டு திருடறனாண்ணா?"

"ஐயோ, அது வேற அக்கா மெர்சி!"

"இந்த கேண்டீன்ல நான் ஒருத்திதானே அக்கா? எடுத்த போல்ட்ட சாம்பார்லதான் போட்டுக்கீறேன். தேடி எடுத்துக்கோங்க."

அன்று சாம்பாரில் போல்ட்டும் இல்லை, காயும் இல்லை. மெர்சியைச் சமாதானப்படுத்த மூன்றாவதாக ஒரு பக்கம் வரைந்து காட்டினான். திருடியது கேட் செக்யூரிட்டி. அவள் மனம் குளிர்ந்து அதை டீ குடிக்க வந்த செக்யூரிட்டியிடமே சொல்லிவிட்டாள். சாயங்காலம் கேட்டில் நம்பிராஜனின் பை, டிபன் பாக்ஸ், டிபன் பாக்ஸுக்குள் இருந்த ஸ்பூன் வரை சோதனை நடந்தது. அதற்குள் கம்பெனி பஸ் போய்விட்டது.

செக்யூரிட்டிக்காக நான்காவது பக்கம். திருடியது துப்பறிந்த இன்ஸ்பெக்டர் கேஜேதான். பெயிண்ட் ஷாப் பையன்கள் "சீட்டிங் ப்ரோ" என்றார்கள். அவர்களுக்காக ஐந்தாவது. யாருமே திருடவில்லை, டிராயிங்கிலேயே அந்த போல்ட் கிடையாது. இதற்கு டிசைன் ஆபீஸிலிருந்து கோபமாக ஒரு மெயில் வந்தது.

இப்போது ஃபைலில் ஐந்து பக்கங்கள் இருந்தன. யாராவது எதிரே வந்து நின்றால் நம்பிராஜன் முதலில் அவர்கள் முகத்தைப் பார்ப்பான். இவருக்கு எது ஆகும், எது ஆகாது என்று கணித்து, அதற்கேற்ற பக்கத்தை உருவிக் கொடுப்பான். படித்தவர்கள் திருப்தியாகத்தான் போனார்கள். போய் ஒருவரோடு ஒருவர் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

மறு வாரம் சூப்பர்வைசர் டில்லிபாபு கூப்பிட்டு அனுப்பினார். மேசையில் 'கடைசி போல்ட்' கிடந்தது. அவர் மீசை துடித்தது.

"இன்னா நம்பி, இன்னா நடக்குது இங்க? போல்ட்டு எவன் எட்த்தான்னு பேசிக்கினே கீறானுங்கோ. லைன் ரெண்டு நிமிஷம் நின்னு பூட்ச்சு. மேனேஜர் காதுக்குப் போயி, அவரு நெஜமாவே போல்ட்டு காணோம்னு நெனச்சிக்கினாரு. ஸ்டோர்ஸ்ல ஆள ஒக்கார வெச்சு எண்ணிக்கினு கீறாங்க!"

"சார், அது வெறும் கதை..."

"கதைன்னு எனக்குத் தெரியுது. அது என் மீசைன்னு என் வூட்டுக்காரம்மாவுக்கே தெரியுது. நாளைக்கு லஞ்ச்ல எல்லார் முன்னாடியும் நீ ஒரே பக்கம் படிக்கற. எது அசலோ அத்த. இல்லன்னா கேட்டாண்ட புக்கு, பேனா, பென்சில் எதுவும் உள்ள வராது, சொல்ட்டேன்."

வீட்டில் அன்னக்கிளி கணக்கு முடித்தாள். "ஆசையா கேட்டு வந்தவுக ஆறு பேருதான். சரிபாக்க வந்தவுக, சண்டைக்கு வந்தவுகல்லாம் சேத்தி இல்ல."

நம்பிராஜன் ஃபைலைப் பிரித்தான். ஐந்து பக்கங்களையும் பாயில் பரப்பிவைத்துப் பார்த்தான். எது அசல்? ஒன்று கோபத்தில் வரைந்தது, மற்றவை யாரோ ஒருவர் முகத்துக்குப் பயந்து வரைந்தவை. அவனுக்குத் தன்மீதே வெறுப்பாக இருந்தது.

"அண்ணாச்சி ஃபைல்ல ஒரு கதைக்கு ஒரு பக்கந்தான் அன்னம். அசல் பக்கம். அவரு வித்தைய எடுத்து நான் பித்தலாட்டம் பண்ணிட்டேன்," என்றான்.

அன்னக்கிளி முதல் தடவையாகக் கேலி பேசவில்லை. "நாளைக்கு உள்ளதச் சொல்லிட்டு வாங்க," என்றாள். பந்தயத்தை அவள் நினைவூட்டுவதற்கு முன்பே அவன் ஸ்டூலைப் போட்டு ஏறி, மைப்புட்டியையும் பேனாக்களையும் பரணில் வைத்தான். இறங்கியதும் கை வெறுமையாக இருந்தது.

மறுநாள் கேண்டீனில் கூட்டமான கூட்டம். டில்லிபாபு நடுவில் நின்றார். மெர்சி கரண்டியோடு வந்து நின்றாள். கேட்டை விட்டுவிட்டு செக்யூரிட்டியும் வந்திருந்தார். நம்பிராஜன் ஃபைலின் நாடாவை அவிழ்த்தான்.

"இதுல அஞ்சு பக்கம் இருக்கு. அஞ்சும் பொய்," என்றான்.

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. "அப்போ அசல் எங்கபா?" என்றார் டில்லிபாபு.

"அசல்னு ஒண்ணு இல்ல சார். மொதல்ல வரைஞ்சதும் உங்க மேல இருந்த கோவத்துல வரைஞ்சதுதான், எனக்கு ஓவர்டைம் போட மாட்டேன்னுட்டீங்கள்ல. மத்ததெல்லாம் ஆள் மூஞ்சியப் பார்த்து அப்பப்போ மாத்தினது. சின்ன வயசுல எங்க ஊர் சங்கரன்கோவில்ல பிச்சையா அண்ணாச்சின்னு ஒருத்தர் இருந்தாரு. காமிக்ஸ் வாடகைக்கு விடுவாரு. கடைசிப் பக்கம் மட்டும் அவர்ட்ட ஃபைல்ல இருக்கும். ஒரு எழுத்து மாத்தாம வாசிப்பாரு. சத்தியவான். அவர் சொன்னத மாத்திச் சொன்னான்னு எங்கூடப் படிச்ச மாரிமுத்துகிட்ட நான் இன்னிக்கு வரைக்கும் பேசுறதில்ல. அப்பேர்ப்பட்டவர் வழியில வந்துட்டு நான் இப்படிப் பண்ணிட்டேன். இனிமே வரைய மாட்டேன். எல்லாரும் மன்னிச்சுக்கோங்க."

மெர்சிக்கே பாவமாகிவிட்டது. அப்போது பின் வரிசையில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த சுகப்பிரியா, சோற்றுக் கையோடு எழுந்தாள்.

"எந்தப் பிச்சையாண்ணே? பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால, காலண்டர் அட்ட போட்டுத் தச்சு வச்சிருப்பாவளே, அவுகளா?"

"ஆமா! அவரை உனக்குத் தெரியுமா?"

"எங்க பெரியப்பால்லா!"

நம்பிராஜனுக்குக் கண் கலங்கிவிட்டது. "நல்லா இருக்காராம்மா? நான் இந்த மாதிரி பண்ணினேன்னு மட்டும் அவர்ட்ட சொல்லிராத தாயி," என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

சுகப்பிரியா சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"அந்த ஃபைலு இப்பவும் எங்க வீட்லதாண்ணே கெடக்கு, உள்ள வெறும் கரண்டு பில்லுதான், புக்கெல்லாம் கடைசிப் பக்கம் கிழிஞ்சேதான் எடைக்கு வந்துச்சாம், பெரியப்பாதான் எதுக்க நிக்கிற பையன் மூஞ்சியப் பாத்து ஆளுக்கு ஒண்ணா இட்டுக்கட்டி விடுவாவளாம்!"