கம்ப்யூட்டருக்கு வச்ச பொட்டு

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. பிளாப்பி டிஸ்க்ல இருந்த ஒரு புரோகிராமை ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஏத்தணும். அவ்வளவுதான்.

எண்பதுகளோட கடைசி. டயகம பக்கம் எங்க தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்கு அப்பதான் கம்ப்யூட்டர் வந்திருந்துச்சு. ஹட்டன்ல கோர்ஸ் படிச்சிருக்கேன்னு நான் வாயை விட்டதால, மடுவத்துக் கொட்டகையில கொழுந்து நிறுத்துக்கிட்டிருந்த என்னை அது முன்னால உக்கார வச்சிட்டாங்க. படிச்சது டைப்ரைட்டிங். அதை யாரும் கேக்கல, நானும் சொல்லல.

புரோகிராம் லேசுப்பட்டதில்ல. மழை, வெயில், பனி விவரத்தைக் குடுத்தா அடுத்த மாசம் எவ்வளவு கொழுந்து வரும்னு சொல்லுமாம். கொழும்புல ஒரு விஞ்ஞானி எழுதினது.

"மத்தியானம் கொழும்புக்காரங்க பாக்க வாராங்க. ஓடணும்!"னாரு பெரிய தொரை, தோட்டத்து மேனேஜர். "ஓடலன்னா நீ மடுவத்துக்கே போ!"

"ஓடுமுங்க தொரை!"

எங்கம்மா அதுக்குள்ள லயத்து வரிசை வீடுங்க முழுக்க "மகன் ஆபீஸ்ல இருக்கான்"னு சொல்லி முடிச்சிருந்துச்சு. திரும்பி மடுவத்துக்குப் போனா எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு லயத்துல நடக்கிறது?

முதல் தடை பூட்டு. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்கு முன்பக்கம் ஒரு பூட்டு இருக்கும். சாவி போட்டுத் திருப்பாட்டி ஒரு எழுத்துகூட விழாது. சாவி பெரிய கிளாக்கர் சவரிமுத்து ஐயாவோட இடுப்புல.

"சாவி குடுங்க ஐயா."

"எதுக்கு?"

"கம்ப்யூட்டரைத் தொறக்க."

"தொறந்தா?"

"புரோகிராம் ஏத்தணும்."

"ஏத்துறதுக்கு உனக்கு யாரு அதிகாரம் குடுத்தா? தொரைகிட்ட துண்டுச் சீட்டு வாங்கிட்டு வா."

தொரை மேல் மலைக்குப் போயிட்டாரு. நானும் ஏறினேன். மழை பிடிச்சிருச்சு. அட்டைங்க என்னைச் சொந்தக்காரன் மாதிரி வந்து ஒட்டிக்கிச்சு. தொரை ஒரு துண்டுத் தாள்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்தாரு. சட்டைப் பையில வச்சிக்கிட்டு இறங்கி ஓடி வந்தேன்.

சவரிமுத்து ஐயா நனைஞ்ச துண்டை வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தாரு.

"இது தொரை கையெழுத்தா, அட்டை ஊர்ந்த தடமா?"

"ஐயா, கால்ல ரத்தம் வருதுங்க ஐயா!"

ரத்தத்தைப் பாத்ததும் மனசு இளகிருச்சு. ஆனா சாவியை என் கையில குடுக்கல. அவரே வந்தாரு. குனிஞ்சாரு. குத்தினாரு. சாவி உள்ள போகல.

பூட்டு ஓட்டை முழுக்கச் சந்தனம்! நல்லாக் காஞ்சு, நடுவுல குங்குமத்தோட.

அதுக்கு முந்தின நாள்தான் ஆபீஸ்ல ஆயுத பூஜை. டெலிபோன், டைப்ரைட்டர், குடை வரைக்கும் பொட்டு வச்சது ஆபீஸ் பியூன் பெருமாள் அண்ணன். நான் பக்கத்துலதான் நின்னேன். புரோகிராம் நல்லா ஓடணும்னு கண்ணை இறுக்க மூடிக் கும்பிட்டுக்கிட்டு இருந்தேன். இப்ப அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"என்னண்ணே, ஓட்டைக்குள்ள போயி வச்சிருக்கீங்க?"

"நெத்தி அங்கதானே தம்பி இருக்கு!"

ஊக்கை எடுத்து நோண்டினோம். ஒருவழியா சாவி திரும்புச்சு. திரையில பச்சை வெளிச்சம். எனக்கு உசிரு வந்துச்சு!

டிஸ்க்கை உறையிலிருந்து உருவினேன். வந்த உசிரு திரும்பிப் போயிருச்சு.

அந்தக் காலத்து டிஸ்க்ல, மெஷினு படிக்கிறதுக்காக நீளவாக்குல ஒரு இடம் தொறந்தே இருக்கும். அதுல அம்சமா ஒரு பொட்டு. வச்சிட்டு உறைக்குள்ள பத்திரமாத் திருப்பிப் போட்டிருக்காரு.

"அண்ணே!"

"பொட்டு வைக்கத்தானே தம்பி இடம் விட்டுச் செஞ்சிருக்காங்க!"

வாசல்ல ஜீப் சத்தம். எச்சில் தொட்டு, சட்டை நுனியால தேய்ச்சேன். பொட்டு போயி டிஸ்க் முழுக்க மஞ்சளாச்சு. கண்ணை மூடிக்கிட்டு உள்ள தள்ளினேன். கம்ப்யூட்டர் கரகரன்னு இருமிச்சு. அப்புறம் இருமவும் இல்ல.

தொரை உள்ள வந்தாரு, பின்னால கொழும்புக்காரங்க. அதுல ஒருத்தர் டிஸ்க்கை வெளிய எடுத்து மோந்து பாத்தாரு.

"மொகத மே?"ன்னாரு தொரை. என்ன இதுன்னு அர்த்தம். கோவம் வந்தா அவரு சிங்களத்துக்குப் போயிருவாரு.

நான் மஞ்சளான சட்டை நுனியை அவசரமா இடுப்புக்குள்ள சொருகினேன்.

சவரிமுத்து ஐயா மட்டும் நிமிர்ந்து நின்னாரு. "பூட்டு நல்லா வேலை செய்யுதுங்க தொரை!"

மறுநாள் காலையில நான் மடுவத்துல. லயத்துல எங்கம்மா, "மகனை மடுவத்துக்குப் பெரியாளாப் போட்டிருக்காங்க"ன்னு சொல்லிக்கிட்டிருந்துச்சு. பெருமாள் அண்ணன் தேடி வந்து என் தோளைத் தட்டினாரு.

"கவலைப்படாதீங்க தம்பி. இந்தத் தராசுக்கும் நான்தான் பொட்டு வச்சேன். ஒழுங்காத்தானே நிறுக்குது?"

நிறுத்துச்சு. பொய் சொல்லக்கூடாது.

கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைக்கலாம், தப்பே இல்ல; நெத்தி எதுன்னு மட்டும் முன்கூட்டியே காட்டிடணும்.